காரணம் என்னன்னு எழுதட்டுங்க?

1
இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் தபால்காரன் சுப்பையன். மேச்சேரிப் பக்கம் எங்கள் ஊரில் என் டீக்கடையை ஒட்டித்தான் தபாலாபீஸ். அவன் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. மீதியைக் கண்ணால் பார்த்தேன். நான் அஞ்சாவதோடு நின்றவன். கதை எழுதுகிறவர்கள்மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

எழுபத்தெட்டாம் வருசம், மழை கொட்டிய ஒரு மாலையில்...

(வேண்டாம். அன்றைக்கு வெயில்தான் அடித்தது.)

2
தபாலை ஒருவர் வாங்கவில்லை என்றால் ‘மறுத்துவிட்டார்’ என்று உறைமேல் எழுதித் திருப்ப வேண்டும். அதுதான் சட்டம்.

“மூஞ்சில அடிச்சாப்பல இருக்குதுங்க” என்பான் சுப்பையன். அதனால் மறுத்தவர் வாயால் சொன்னதையே எழுதுவான். ‘பங்காளிச் சண்டை தீரட்டும்.’ ‘எருமை கன்று போட்டிருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்.’

3
சென்னியப்பன் சொந்தமாய்த் தோட்டம் வைத்து வெள்ளாமை செய்கிறவர். பெண்டாட்டி இல்லை. ஒரே மகள் சௌந்திரம், குமாரபாளையத்துத் தறிக்காரர் மகனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சாதி வேறு. அதிலிருந்து பேச்சு இல்லை.

ஒருநாள் மகளிடமிருந்து மூலையில் மஞ்சள் தடவிய, வாய் ஒட்டாத உறை வந்தது. பேரனுக்குக் காது குத்து. தாய்மாமன் இல்லாத பிள்ளை, அம்மாவைப் பெற்ற அப்புச்சி மடியில்தான் உட்கார வேண்டும்.

“திருப்பியனுப்பு.”

“காரணம் என்னன்னு எழுதட்டுங்க?”

“அப்பன் செத்துட்டான்னு எழுது.”

“ஏனுங்க, வெள்ளிக்கெழமையும் அதுவுமா...”

“எழுதுடா. ஊரு வாயெல்லாம் எழுதறவனுக்கு என் வாய் மட்டும் கசக்குதா?”

எழுதிவிட்டான். கோபம் என்று மகளுக்குப் புரியும் என நினைத்தானாம். தபாலாபீஸ் முத்திரையோடு வந்தால் யார் நம்பமாட்டார்கள்?

(அதைப் படித்தபோது சௌந்திரம் எப்படி இருந்தாள் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை.)

4
எங்கள் பக்கம் இழவுக்கு வருகிற பெண் ஊர் எல்லையிலேயே குரல் எடுப்பாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தேன், அந்தக் குரல் கேட்டது. தலைவிரிகோலமாய்ச் சௌந்திரம், இடுப்பில் பிள்ளை. கடையைப் போட்டது போட்டபடி பின்னாலேயே போனேன்.

சென்னியப்பன் வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

அழுகை பாதியில் அறுந்தது.

“ஆரு போயிட்டாங்கன்னு அழுவற?”

“நீங்கதானுங்கப்பா.”

5
இழவு வீட்டில் வந்தவரை ‘வா’ என்று சொல்லக்கூடாது. உயிரோடு இருக்கிறவன், வாசலில் நிற்கிற மகளை ‘வா’ என்று சொல்லாமல் இருக்கக்கூடாது. தன் வீடு இதில் எது என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வேலிப் படலுக்கு வெளியே நின்றாள். அவர் வாயைத் திறந்தார்.

முடிவு ஒன்று: “வா சாமி” என்றார். (சுப்பையன் சொல்வது. அப்படி இல்லையென்றால் அவனுக்குத் தூக்கம் வராது.)

முடிவு இரண்டு: சோளத்தட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டார். (ஊர் சொல்வது. ஊருக்கு இதுதான் பிடிக்கும்.)

முடிவு மூன்று: பிள்ளை கையை நீட்டி...

(இல்லை. பிள்ளையைக் காட்டி அழவைக்கிற வேலை எனக்கு வேண்டாம்.)

‘நீதான் பார்த்தாயே, சொல்’ என்பீர்கள். பார்த்தேன். அவர் சொன்னதை ஒருவன் எழுதியதால்தான் அவள் அங்கே நிற்கிறாள். இன்னொரு தடவை நான் எழுதமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் அவர் இடத்தில் நின்று சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். பிள்ளையோடு வெயிலில் நிற்கிறாள்.