வடக்குத் தட்டி

1973ஆம் ஆண்டு, புரட்டாசி இருபதாம் தேதி. குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓரமாகப் பதினான்கு வீடுகள் கொண்ட ஒரு தெரு. கடைசி வீட்டின் வாசலில் செவ்வந்தி சேலையை வரிந்து செருகிக்கொண்டு மண் மிதித்துக்கொண்டிருந்தாள். குளத்திலிருந்து அள்ளி வந்த களிமண்ணோடு நறுக்கிய வைக்கோலும் உமியும் கலந்திருந்தன. பூவரச மரத்தில் கட்டிய தூளியில் அவளுடைய நான்கு மாதப் பெண்குழந்தை அம்சம் தூங்கியது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றாள்.

அவள் கணவன் முருகையன் குடத்தைச் சாய்த்தான். கண் மட்டும் வீட்டின் மேலேயே இருந்தது.

"என்னாங்க, மண்ணுல ஊத்தச் சொன்னா எங் கால்ல ஊத்துறீங்க. குளிப்பாட்டி விடப் போறீங்களா?"

அவன் சிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்கு மூன்று பக்கம் மண்சுவர். வடக்குப் பக்கம் மட்டும் தென்னங்கீற்றுத் தட்டி. தெருவில் பதினான்கு வீடும் அப்படித்தான். மனைகள் ஊர்ப் பண்ணையாருக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. வேலையை விட்டு நிறுத்திய ஆளை வெளியேற்றச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. தட்டியை அவிழ்த்தால் போதும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாததால்தான் அது அவ்வளவு உறுதியாக இருந்ததோ என்னவோ.

கார்த்திகை பிறந்தால் வாடைக்காற்று அந்தத் தட்டியின் வழியாகத்தான் உள்ளே வரும். போன மார்கழியில் அவர்களுடைய மூத்த மகனுக்கு ஒன்றரை வயது. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு மூச்சு விடத் திணறினான். ஆஸ்பத்திரி மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். முருகையன் தட்டியை ஒட்டிப் படுத்து, தன் முதுகால் காற்றை மறித்துப் பார்த்தான். ஒரு முதுகுக்கு அடங்குகிற காற்றா அது? ஏழாம் நாள் பிள்ளை போய்விட்டான்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டு, முருகையன் பெயருக்குப் பட்டா வந்தது பிள்ளை சாவதற்கு எட்டு மாதம் முன்பு. அந்தக் காகிதம் ஒரு மூங்கில் குழாயில் சுருட்டி, கூரையில் செருகப்பட்டிருந்தது. காகிதம் மேலே இருந்தது. தட்டியும் இருந்தபடியே இருந்தது.

"காரியக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வடக்குச் சுவரை ஆரம்பிச்சிருவோம்" என்றான் முருகையன்.

"மனை நம்மளுதுங்க."

"இல்லேன்னா சொன்னேன்? சொல்லாமக் கொள்ளாம செஞ்சா திமிருன்னு நெனைப்பாங்க. வேலை குடுக்குறது அவங்கதானே, புள்ள."

அவன் பயந்ததில் அர்த்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. செவ்வந்தி மறுபடி மண்ணை மிதிக்கத் தொடங்கினாள்.

பண்ணை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் இளையபெருமாள், முருகையன் சொன்னதை வெற்றிலையை மென்றபடியே கேட்டுக்கொண்டார்.

"சுவரா? அய்யா மாயவரத்துல இருக்காருடா. வரட்டும், காதுல போட்டு வைக்கிறேன். அதுவரைக்கும் கை வைக்காத. ஆமா, நீ சும்மாதானே இருக்க? மழைக்கு முன்னால மாட்டுக் கொட்டகையப் பிரிச்சு வேயணும். நாளைக்கு வந்துரு."

மண்சுவர் ஒரே நாளில் எழுவதில்லை. ஒரு முழ உயரம் வைத்து, மூன்று நான்கு நாள் காயவிட்டு, அதன்மேல் அடுத்த முழம் வைக்க வேண்டும். ஈரத்தின்மேல் ஈரம் ஏற்றினால் சரிந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காயவே காயாது. ஆகவே காத்திருந்த ஒவ்வொரு நாளும் சுவரின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது.

முருகையன் தினமும் கொட்டகை வேய்ந்துவிட்டு, இறங்கியதும் கேட்டான். "அய்யா வந்துட்டாருங்களா?"

"வருவாருடா. உன் வீடு எங்க ஓடிப் போயிடப் போவுது?"

வீட்டு வாசலில் மண் இறுகியது. செவ்வந்தி மாலைதோறும் தண்ணீர் தெளித்து மறுபடி மிதித்தாள். ஆறு நாள் மிதித்தாள்.

ஏழாம் நாள் மதியம் அம்சத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கஞ்சித் தூக்கோடு பண்ணைக் கொட்டகைக்குப் போனாள். கூரை வேலை முடிந்திருந்தது. முருகையன் ஏணியில் நின்று வடக்குப் பக்கம் முழுவதும் சாக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தான். கீழே ஒரு செவலைக் கன்றுக்குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னத்துக்குங்க?"

"வாடை அடிக்கும்ல? போன வருசம் ஒரு கன்னு வெறைச்சுப் போச்சாம். அதான் ரெட்டைச் சாக்காக் கட்டச் சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே தெரிந்தது. கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது.

செவ்வந்தி குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கன்னுக்குட்டி யாருகிட்டங்க உத்தரவு கேட்டுச்சு?"

அவள் குழந்தையின் தலையில் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"நம்ம புள்ளைய எடுத்துக்கிட்டுப் போச்சே வாடை, அது யாரையும் கேட்டுக்கிட்டு உள்ள வரலீங்க. அதைத் தடுக்குறதுக்கு மட்டும் நாம ஏன் கேட்டுக்கிட்டு நிக்கணும்?"

முருகையன் கடைசி முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டே இறங்கினான். கன்று என்ன பாவம் செய்தது? நேராகக் களத்தில் உட்கார்ந்திருந்த காரியக்காரரிடம் போனான்.

"படுதா கட்டியாச்சுங்க. நாளைக்கு வரமாட்டேன். வீட்டுல சுவர் வைக்கிறேன்."

"அய்யா இன்னும் ஒண்ணும் சொல்லலியேடா!"

"கேக்க வரலீங்க. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

இளையபெருமாள் எழுந்துவிட்டார். "அவ்வளவு ஆயிப்போச்சா? அப்ப இனிமே இந்தக் களத்துப் பக்கம் வேலைன்னு வந்து நிக்காத, பாத்துக்க!"

"சரிங்க" என்றான். திரும்பி, பின்னால் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தான். செவ்வந்தி அதைப் பார்த்தாள். எட்டி நடந்து, இடுப்பிலிருந்த குழந்தையை அவன் தோளில் போட்டாள். குழந்தையின் பாரத்தில் நடை நிதானமாயிற்று.

மறுநாள் காலை தட்டியை அவிழ்த்தார்கள். முதல் முழம் ஏறிக் காய்ந்தது. இரண்டாம் முழம் வைத்த அன்று மாலையே மழை பிடித்தது. பக்கத்து வீட்டு ரெத்தினம் அதுவரை பயந்து எட்டியே நின்றவர். மழையைக் கண்டதும் தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கீற்றுகளைத் தலையில் சுமந்து ஓடிவந்து சுவரை மூடினார். அப்படியும் ஒரு மூலை கரைந்து சரிந்தது. சரிந்த மண்ணைச் சேர்த்து மறுபடி மிதித்து வைத்தார்கள். நினைத்த உயரம் வரவில்லை, மார்பளவுதான் எழுந்தது. அதற்குமேல் கீற்றை நெருக்கி அடைத்தார்கள். பண்ணையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. முருகையன் தினம் நான்கு மைல் நடந்து வேறொரு ஊருக்குக் களை பறிக்கப் போனான்.

கார்த்திகை நடுவில் வாடை இறங்கியது. ஒரு சாயங்காலம் செவ்வந்தி புதுச்சுவருக்குச் சாணம் மெழுகிக்கொண்டிருந்தாள். சுவர் ஓரம் கிடந்த அம்சம் காலை உதைத்து விளையாடியது. அதன் மூக்கு ஒழுகவில்லை. முருகையன் அடிக்கடி குனிந்து அதைத்தான் பார்த்தான்.

ரெத்தினம் வந்து வாசலில் தயங்கினார்.

"முருகையா, நானும் வடக்கால ஒரு சுவர் வச்சிரலாம்னு பாக்குறேன். தையில மழை விட்டதும். வைக்கலாமா? நீ என்ன சொல்ற?"

செவ்வந்தி முழங்கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்ப இவர்தாங்க பண்ணை! நல்லாக் கேளுங்க மாமா, அய்யா மாயவரத்துல இருக்காருன்னு சொல்லி அனுப்புவாரு."

முருகையனுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குழந்தையைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்.

"என்னைய ஏன் மாமா கேக்குறீங்க? அன்னிக்கு நானும் இப்படித்தான் போயி நின்னேன். போன வருசமே பட்டா கூரையில இருந்துச்சு, நான் பயந்துக்கிட்டுச் சும்மா கெடந்தேன். எம் புள்ள போயிட்டான். சர்க்காரு காயிதம் குடுக்கலாம், மாமா. நமக்குள்ள இருக்குற பயத்தை வந்து அவங்களா எடுத்துப் போடுவாங்க? நம்ம உரிமைக்கு நாமளே போயி உத்தரவு கேட்டா, கெடைச்சதையும் திருப்பிக் குடுத்த மாதிரிதான்."

ரெத்தினம் சிறிது நேரம் சுவரைத் தடவிப் பார்த்தார். சாணத்தின் ஈரம் கையில் ஒட்டியது.

"தை வரைக்கும் எதுக்கு? மேல கீத்தைக் கட்டிக்கிட்டுக் கீழ ஒரு முழமாச்சும் எழுப்பிரலாம்" என்றவர், திரும்பி, "மம்பட்டி ஒன்கிட்டத்தானே இருக்கு?" என்றார்.

செவ்வந்தி சாணக் கையோடு எழுந்து போய் மண்வெட்டியை எடுத்துவந்து கொடுத்தாள்.