தூக்கத்தின் மேல் பழி

பரீட்சை என்றால் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அவளுக்குத் தெரிந்த நியாயம் அது. கணவரின் மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லுங்கள். முந்தின இரவு மனுஷனைக் கண்ணயரவே விடவில்லை.

பயம்தான், வேறென்ன. இருவருமாக நடத்துவது மருந்துக்கடை. சர்க்கரை மாத்திரை கேட்டு வந்தவருக்கு ஒருநாள் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டார். நல்லவேளை, இவள் பாய்ந்து பிடுங்கினாள். இப்போதைக்கு லேசான மறதி என்றார் டாக்டர். அது இந்த அளவிலேயே நிற்குமா, ஆளையே விழுங்கும் நோயாக முற்றுமா என்பதை அலைகளை வைத்து ஓரளவு முன்கூட்டியே சொல்லலாமாம். முழித்திருக்கும்போதே அலைகள் மெதுவாக ஓடினால் முற்றுவதற்கு அறிகுறியாம். முற்றும் என்றால் அவரைக் கல்லாவை விட்டு எழுப்ப வேண்டும். எழுப்பினால் பாதி உயிர் அங்கேயே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

பதிவறையில் யாரும் கேள்வியே கேட்கவில்லை. டெக்னீஷியன் பெண் அவர் தலையெங்கும் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். "கண்ணை மூடிக்கோங்கய்யா. ஆனா தூங்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் பரீட்சை. விடிய விடியப் படித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் பொடிப்பொடியாக ஓடின. சற்று நேரத்தில் அவை பெருத்து, சோம்பி, மெதுவாக உருள ஆரம்பித்தன. அவள் கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டி அவரைப் பார்த்தாள்.

"ஐயா, தூங்குறீங்களா?" என்று டெக்னீஷியன் மைக்கில் கூப்பிட்டாள்.

பதிலுக்குக் குறட்டை வந்தது.

"தூக்கம் வந்தா அலை இப்படித்தான்மா மெதுவாயிடும். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நல்லா தூங்க வெச்சு இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க."

"ராத்திரி பூரா இவதான்மா தூங்க விடல" என்று எழுந்ததும் போட்டுக்கொடுத்தார் அவர். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். கல்யாணமான புதிதில் அவள் ஆசையாகச் சமைத்துப் போட்டதற்கே "உப்பு ஜாஸ்தி" என்றவர்.

அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. பழி தூக்கத்தின் மேல் விழுந்துவிட்டதே, அதுவே போதும்! அந்த வாரம் கடையைச் சீக்கிரமே அடைத்து, கையிலிருந்த போனைப் பிடுங்கி வைத்து, அவரைப் பச்சைக் குழந்தையைப் போலத் தூங்க வைத்தாள்.

மறுபடி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "தலையில ரேடியோவா மாட்டுறீங்க? பழைய பாட்டு வருதான்னு பாருங்க" என்று டெக்னீஷியனைச் சிரிக்க வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

கோடுகள் கொஞ்சம் ஓடின. பிறகு பெருத்து, மெதுவாக உருண்டன. போன தடவை பார்த்த அதே உருளல்.

"ஐயா, தூங்காதீங்க."

"தூங்கலம்மா. முழிச்சுட்டுதான் இருக்கேன்."

குரல் கணீரென்று வந்தது. டெக்னீஷியன் உள்ளே போய் ஒவ்வொரு ஒயராக அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கோடுகள் மாறவில்லை. அவள் சிரிப்பு மட்டும் போய்விட்டது.

"தூங்குறாரும்மா. அவர் பேசிக்கிட்டே தூங்குவார்" என்றாள் மனைவி.

"டாக்டர் பார்த்துட்டு சொல்வாங்கம்மா." டெக்னீஷியன் திரையை விட்டுத் திரும்பவில்லை.

மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் மனைவி. "என்னங்க, தூக்கம் வருதுதானே? கண்ணு சொக்குதுன்னு சொல்லுங்களேன்." வாழ்நாளில் ஒரே ஒரு பொய். அதற்காக அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே, மூடிய கண்களோடு அவர் சிரித்தார்.

"நீ கவலைப்படாதே. நீ தூங்க வெச்சது வீண் போகல. எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வரல."