உள்ளூர் ஆள் தேவை

அந்த மாதத்தில் சொல்லாமல் வேலையை விட்டு நின்றவர்களில் இவள் நான்காவது.

காலை ஆறு மணிக்குச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்த முதலாளியம்மா, ஈர விரிப்புகள் மலைபோல் குவிந்து கிடப்பதையும், இஸ்திரி உருளைக்கு முன்னால் ஈ காக்கைகூட இல்லாததையும் பார்த்தாள். தம்பி மட்டும் கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"மடிப்பு எங்கடா?"

"வரலக்கா. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறா. நின்னுட்டா போல."

மடிப்பு என்பது கூட இருந்தவர்கள் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர். படுக்கை விரிப்பை அவள் மடித்து வைத்தால் நாலு மூலையும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஒன்றரை வருடம் இருந்தவள். மற்ற மூவரும் மூன்று வாரம், நான்கு வாரம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் போனபோது வெறும் எரிச்சல்தான் வந்தது. இவள் போனதில் வயிறு எரிந்தது.

இரண்டு ஆஸ்பத்திரிகளின் துணிகள் காலை எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஐந்தரைக்கே ஆள் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு வெளியூரிலிருந்து பஸ் கிடையாது. அதனால்தான் வாசலில் 'உள்ளூர் ஆள் தேவை, பெண்கள் மட்டும்' என்று ஒரு போர்டு. அதை இறக்கி வைக்க நேரமே வராமல், சிவப்பு எழுத்து வெயிலில் ரோஸாகிவிட்டது.

"நம்ம ஊர் ஆளுங்களுக்கு உடம்பு வளையாதுக்கா" என்றான் தம்பி. "ஃபேனுக்குக் கீழ உக்காந்து சம்பளம் வாங்கணும் அவங்களுக்கு."

அவளும் அதையேதான் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பியின் கடை நொடித்துப்போய், அம்மா அழுது கேட்டு, அவனை மேற்பார்வைக்கு வைத்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆள் இப்படியா ஓடிக்கொண்டிருந்தது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே உருளைக்கு முன்னால் நின்றாள். அரை மணி நேரத்தில் மணிக்கட்டில் சூடு பட்டுக் கொப்பளித்தது. ஒன்பதரைக்குச் சின்ன ஆஸ்பத்திரியின் ஸ்டோர்க்காரர் கூப்பிட்டார்.

"ஏம்மா, நோயாளிய வெறும் மெத்தையிலயா படுக்க வைக்கிறது? இந்த மாசத்துல இது மூணாவது தடவை. எங்களுக்கு வேற ஆள் கிடைக்காமலா இருக்காங்க?"

மத்தியானம் கடைசிக் கட்டு வண்டியில் ஏறியதும் அவள் நேராக மடிப்பின் வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிக் குடித்தனம். வழியெல்லாம் கேட்க வேண்டியதை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மடிப்பு கதவைத் திறந்ததும் வரிசை கலைந்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு நிக்கறதுக்கு என்னடி கேடு? உன்னை நான் வேலைக்காரி மாதிரியா நடத்தினேன்? உன் பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் வாங்க நான்தானே அலைஞ்சேன்?"

"உள்ள வாங்கக்கா."

"வர மாட்டேன். இங்கயே சொல்லு. எங்க சேந்திருக்க?"

"பேக்கரியில. பாக்கிங்."

"அங்க என்ன அள்ளிக் கொட்டறாங்களாம்?"

"உங்களவிடக் கம்மிதான்க்கா."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதிகத்துக்குப் போனால் வயிற்றுப்பாடு என்று விட்டிருப்பாள்.

"கம்மிக்கா? அப்போ எதுக்குடி போன?"

மடிப்பு நிமிர்ந்தாள்.

"அங்க பாத்ரூமுக்குப் பூட்டு கிடையாது."

"என்ன உளர்ற?"

"நம்ம கூடத்துல பூட்டிருக்கு. சாவி உங்க தம்பி சட்டைப் பையில. ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால போய் நின்னு கேக்கணும். 'இப்பத்தான போன'ம்பார். போற நேரம், வர்ற நேரம் எல்லாம் நோட்டுல எழுதுவார். அஞ்சு நிமிஷம் ஆனா கதவைத் தட்டுவார். அதனாலதான் அவருக்கு வாத்தியார்னு பேரு. உங்களுக்கு அதுவும் தெரியாதில்ல?"

மடிப்பு குரலைத் தாழ்த்தினாள்.

"மாசத்துல அந்த மூணு நாள் இருக்கே. 'உனக்கு மட்டும் ஏன் இத்தனை தடவை'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டார். புதுசா வந்தவளுங்க அதுக்கப்புறம் எப்படி நிப்பாங்க? நான் அந்தச் சூட்டுல தண்ணி குடிக்கறதையே விட்டேன். போன வாரம் ஒண்ணுக்கே ரத்தமா போச்சுக்கா. டாக்டர் என்னைத் திட்டறாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே!" மடிப்பின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "பாத்ரூம் விஷயமாப் பேசணும்னு உங்க ரூமுக்கு வந்தேன். போன்ல இருந்தீங்க. 'தம்பிகிட்ட சொல்லு, அவன் பாத்துப்பான்'னு கையாலயே காட்டினீங்க."

அது உண்மை. கை காட்டியது அவளுக்கே ஞாபகம் இருந்தது. அவளுடைய அறைக்குள்ளேயே தனிக் கழிப்பறை உண்டு. பெண்களின் கழிப்பறை இருக்கும் பின்பக்கத்துக்கு அவள் போய் எத்தனையோ மாதம் ஆகிறது.

திரும்பி வந்ததும் யாரிடமும் பேசாமல் நேராகப் பின்பக்கம் போனாள். தகரக் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. தம்பி பின்னாலேயே ஓடி வந்தான்.

"சாவியக் குடு."

"என்னக்கா ஆச்சு? எவளாவது ஏதாவது..."

"நோட்டையும் குடு."

நோட்டைப் புரட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. பக்கம் பக்கமாகப் பெண்களின் பெயர், பக்கத்தில் நேரம். சிலவற்றுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

"உனக்காகத்தான்க்கா" என்றான் அவன். அதில் பெருமைகூட இருந்தது. "உள்ள போய் போனை நோண்டறாங்க. மெஷின் சும்மா ஓடுது. நீ பாக்கறதில்ல, நான்தான் பாக்கறேன்."

"உன் பொண்டாட்டி எவனோ ஒருத்தன் முன்னால போய் நின்னு இதுக்குக் கெஞ்சினா விடுவியாடா?"

"என் பொண்டாட்டிய எதுக்கு இழுக்கற?"

"எதுக்குன்னே தெரியல பாரு. கிளம்பு."

"எங்க?"

"வீட்டுக்கு. நாளைக்கு வராத. நாளன்னைக்கும் வராத."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "கண்டவ பேச்சக் கேட்டுக்கிட்டுக் கூடப் பொறந்தவனத் துரத்தற. நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டு, சாவியைத் தரையில் எறிந்துவிட்டுப் போனான். உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி, "வாத்தியாருக்கு டிரான்ஸ்பர்" என்று முணுமுணுத்தாள். மற்றவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை எடுக்காமல் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து பூட்டைக் கொண்டியோடு பெயர்த்தாள். மணிக்கட்டுக் கொப்புளம் உடைந்தது.

சாயங்காலமே அம்மா போன் செய்துவிட்டாள்.

"ரத்த சொந்தத்தவிட அவளுங்க பெருசாப் போயிட்டாளுங்களா உனக்கு?"

"அவங்க கையாலதாம்மா நம்ம மூணு வீட்லயும் அடுப்பு எரியுது. வேலியே பயிர மேஞ்சிருக்கு. நீ எனக்கு நியாயம் சொல்ல வராத."

மூன்றாம் நாள் மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினாள். இந்த முறை உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"பூட்டை எடுத்துட்டேன். அவனையும் அனுப்பிட்டேன். தப்பு என்னுதுதான். வந்துடு."

"நல்ல காரியம்க்கா." மடிப்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "ஆனா நான் வரல."

"இன்னும் என்னடி?"

"எட்டு மாசம் உங்க கூடத்துலயே பூட்டு தொங்குச்சு, உங்க கண்ணுல படல. நாளைக்கு இன்னொண்ணு தொங்கும். அப்பவும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கோபம் போகலக்கா எனக்கு. போனதும் சொல்றேன்."

இறங்கி வரும்போது அவளுக்கும் கோபம் வந்தது. இவ்வளவு செய்த பிறகும் இவளுக்கு என்ன இத்தனை வீம்பு என்று தெருமுனைவரை பொருமிக்கொண்டே போனாள். அப்புறம் அந்தச் சிவப்பு அடிக்கோடுகள் நினைவுக்கு வந்தன. அதோடு பொருமல் நின்றது.

சின்ன ஆஸ்பத்திரி அந்த மாதக் கடைசியில் கைவிட்டுப் போனது. போன மூவரில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள். அவளும் முதல் வாரம் முழுக்க யாரோடும் பேசவில்லை. முதலாளியம்மா மேசையைத் தன் அறையிலிருந்து எடுத்து உருளைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே விசிறி போட்டாலும் அனல்தான் வீசியது. தம்பி தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். அவளும் கூப்பிடுவதில்லை.