கஸ்தூரிக்கு நான் சொன்ன அர்த்தம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது நான் கற்பனை செய்த கதை இல்லை. பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் என் எதிர்வீட்டுக் கஸ்தூரியின் வயிற்றெரிச்சலிலிருந்து சுட்டது. அவளிடம் அனுமதி கேட்கவும் இல்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'விடியற்காலை ஆறு மணிக்குக் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ரூபேந்திரன் யாரோ ஒருத்தியுடன் கொஞ்சிக்—'

'கொஞ்சி' என்று போட்டது நான். கஸ்தூரி சொன்னது 'பேசி'. அந்த வரியை அடித்துவிட்டேன், அழிக்கவில்லை. என்னை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

2

கஸ்தூரி ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். அவள் கணவர் ரூபேந்திரன் இருபத்து மூன்று வருடமாக ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். மூன்று மாதமாகத் தினமும் காலையில் போர்ச்சில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து போன் பேசுகிறார். இவள் காப்பியோடு கிட்டே போனால் டக்கென்று வைத்துவிடுகிறார். ஒரு தடவை பெண் குரல் கேட்டது.

"யாருங்க?"

"கம்பெனி கால்."

"கம்பெனியில காலங்காத்தால என்ன பாஷை பேசுறாங்க? தமிழும் இல்ல, மலாயும் இல்ல."

"உனக்கு எதுக்குலா அதெல்லாம்?"

இந்த ஒரு கேள்வி போதாதா? அவர் குளிக்கப் போன நேரத்தில் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். நீல அட்டை நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நேராக என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், நீங்க கதையெல்லாம் எழுதுறவங்க. இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

கதை எழுதினால் உலகத்துப் பாஷையெல்லாம் தெரியும் என்பது அவள் எண்ணம். நானும் மறுக்கவில்லை. போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன்.

3

ஸ்பானிஷ். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தார். மேசா என்றால் மேசை. சப்பாத்தோ என்றால் காலில் போடும் சப்பாத்து, 'அப்படியே நம்ம சொல்லு!' என்று குறிப்பு வேறு. கோச்சே, கார்ரோ, ஆவுத்தோ மூன்றும் கார்தான். 'அங்கே எதைச் சொல்வார்கள்? லூப்பேயிடம் கேள்.' அடுத்த பக்கம் மெக்சிகோக்காரர்களின் தெருப்பேச்சு. நோ மான்ச்சேஸ் என்றால் அலமாக், அதாவது 'அடக் கடவுளே'. வேய் என்றால் மச்சான், 'பெரிய ஆட்களிடம் சொல்லாதே.'

"லூப்பேன்னா யாரு டீச்சர்? பொம்பளையா?"

"பொம்பளை பேருதான்மா."

ஒரு பக்கம் முழுக்க வேலை. த்ரபாஹோ, எம்ப்ளேயோ, சம்பா, ஹாலே என நான்கு சொல், நான்குக்கும் 'வேலை' என்றே எழுதி, எதை எங்கே பேசுவது என்று குழம்பிக் கேள்விக்குறியாகப் போட்டிருந்தார். நாங்கள் இருவரும் அதைச் சட்டென்று புரட்டிவிட்டோம். காதலைத் தேடுகிறவர்களுக்கு வேலை கண்ணில் படுமா?

கடைசிப் பக்கத்தில் அர்த்தம் எழுதாத ஒரே ஒரு சொல் இருந்தது. கரீன்யோ.

"அன்பே, செல்லமே," என்று வாசித்தேன்.

கஸ்தூரி நோட்டை மூடினாள்.

[அந்தச் சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் ஸ்பானிஷில் ஒரு வரி இருந்தது. அதையும் தேடிப் பார்த்திருந்தேன். 'லூப்பே எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுகிறாள், வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவைக்கூட' என்று இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை அங்கேயே படுத்துவிடும். கேவலம்தான், தெரியும்.]

4

அன்று மத்தியானமே கஸ்தூரி சாஆ என்ற ஊரில் இருக்கும் அண்ணன் லெட்சுமணனுக்குப் போன் போட்டாள். அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். பெண்ணுக்கு ஒன்று என்றால் அண்ணன் இரண்டு பெரியவர்களோடு வந்து உட்கார்ந்து மாப்பிள்ளையைக் கேட்பான்.

"ஞாயித்துக்கிழம வரேன். அவன் எங்கயும் நழுவாமப் பாத்துக்க."

5

சனிக்கிழமை காலை அவளுக்குப் பொறுக்கவில்லை. போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

(இங்கே அவர் போனை ஒளிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவர் ஒளிக்கவில்லை.)

திரையில் பதினொரு பேர். எல்லாரும் நீலக் கோட்டு, தலைக்கு வலைத் தொப்பி. நடுவில் ஒருத்தி கையில் சர்க்கியூட் போர்டைப் பிடித்தபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரூபேந்திரன் போனை வைத்தார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"லைனை மெக்சிகோவுக்குத் தூக்குறாங்க. டிசம்பரோட எங்க எல்லாருக்கும் முடிஞ்சிடும். அதுவரைக்கும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். என் எடத்துல உக்காரப் போறவ இந்த லூப்பேதான், அவளுக்கே நான் வேலை சொல்லித் தரேன், கஸ்தூரி. இத உங்கிட்ட எந்த வாயால சொல்றது?"

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "மூணு மாசமா எங்கிட்ட மறைச்சீங்களே! நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா? நாளைக்கு அண்ணன் வராரு."

"எதுக்கு?"

சொன்னாள்.

நான் அவரை நம்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பதினொரு பேருக்குப் பாடம் எடுப்பவர் கரீன்யோ என்ற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் அர்த்தம் எழுதவில்லை? பிறகு, பாதியைச் சொல்லி மீதியை மறைத்தவள் இதைக் கேட்கலாமா என்றும் தோன்றியது.

கடைசியில் அவர் சொன்னது இது. கஸ்தூரி என்னிடம் இரண்டு தடவை சொன்னாள், ஒரு எழுத்து மாறவில்லை.

"வரட்டும். வேற பொம்பளன்னே நெனச்சுக்கட்டும், நான் தலைகுனிஞ்சு கேட்டுக்கிறேன். வேலை போச்சுன்னு மட்டும் உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத. கம்பெனி வேலைக்காரன்னுதான் அவரு உன்ன எனக்குக் குடுத்தாரு."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கஸ்தூரி உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அண்ணன் மச்சானைக் கட்டிப்பிடித்து— வேண்டாம், லெட்சுமணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இன்னொன்றில் அவள் வாயே திறக்கவில்லை. புருஷன் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறார், ஊரெல்லாம் அவளைப் பாவம் என்கிறது. அதை எழுதும்போது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

நடந்த வரைக்கும் சொல்கிறேன். ஞாயிறு பத்து மணிக்கு லெட்சுமணனும் இரண்டு பெரியவர்களும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். ரூபேந்திரன் நின்றுகொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். அர்த்தம் சொன்னது நான்தானே.

"டீச்சர், நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க," என்றார் லெட்சுமணன். "என் தங்கச்சி அழுவுறா, இவன் வாயத் தொறக்க மாட்றான். நீங்க சொல்லுங்க. அவனுக்கு ஒருத்தி இருக்காளா, இல்லையா?"

'இல்லை' என்றால் அடுத்த கேள்வி 'அப்புறம் என்ன?' என்பதுதான், வேலை போகிற கதை வெளியே வந்துவிடும். 'இருக்கிறாள்' என்றால் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர் பேசப்போகும் பொய்யை நான் எழுதிவைத்தவளாகிறேன்.

கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள் என்கிறாளா, சொல்லாதீர்கள் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை.

இதுவரை வாசித்த உங்களுக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரியும். நான் வாயைத் திறக்கப் போகிறேன். என்ன சொல்லட்டும்?