அடுத்த பிள்ளைக்கு வைத்த பெயர்

...கல்லறைத் தோட்டத்தில் சபை உபதேசியார் அடக்கப் பதிவேட்டை விரித்து "ஐயா, பேரு?" என்றபோது நான் ஏன் சம்பந்தியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன், செத்துப் பிறந்தவன் என் மகள் ஸ்டெபியின் பிள்ளை, என் முதல் பேரன், எங்கள் பக்கத்தில் முதல் பேரனுக்குத் தாத்தா பெயர்தான், என் பெயர்தான், அப்பாத்துரை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்... அந்தம்மாள் பைய என் அருகில் வந்து, "அண்ணாச்சி, அந்தப் பேரு கெடக்கட்டும், அடுத்த பிள்ளைக்கு வேணும்லா," என்றாள், நான் தலையாட்டினேன், தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன், உபதேசியார் 'ஆண் குழந்தை' என்று எழுதிப் பதிவேட்டை மூடிவிட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பும் ஆட்டோ வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கிறது, ஆஸ்பத்திரியில் ஸ்டெபி கேட்பாள், கேட்காமல் இருப்பாளா... ஏழு மாதமாக வயிற்றைத் தடவி "ஏலே அப்பாத்துரை, சும்மா கெடலே" என்று என் காதுபட அதட்டியவள், நானும் கோபப்படுவதுபோல் நடிப்பேன். இருபத்தாறு வருஷம் இறையியல் கல்லூரியில் தொண்டை வற்றக் கத்தினேனே, எழுநூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பியத் துறவிகள் சிலர் சொன்னதை, மனிதன், மரம், குழந்தை என்று பொதுவாக எதுவும் கிடையாது, அதெல்லாம் வெறும் பெயர், கடவுள் படைப்பது இந்த மரத்தை, இந்த மனிதனை, ஒவ்வொன்றாக... தடித்த புத்தகம் எழுதிப் பொன்னாடையும் வாங்கியாயிற்று. தேவ சித்தத்துக்குக் காரணம் கேட்க முடியாது என்றும் அவர்கள் சொன்னார்கள், பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி அது, நேற்று ஸ்டெபி "ஏம்ப்பா, எனக்கு மட்டும் ஏன்?" என்று அழுதபோது வாயில் வரவில்லை, நல்லவேளை வரவில்லை. வெறும் பெயர்தானே, போகட்டும் என்று கல்லறையில் என் படிப்பே எனக்கு வக்காலத்து வாங்கியது, ஆனால் அவனைச் சுற்றியிருந்த துணிக்குள் வலது காது லேசாக மடங்கியிருந்தது, அது அவனுடைய காது, அடுத்து வருகிறவன் வேறொருவன், இது எனக்குத் தெரியாதா, இதைத்தானே சொல்லிச் சம்பளம் வாங்கினேன்? பொதுவாகக் குழந்தை என்று ஒன்று இல்லவே இல்லை என்றவன், அவனை வெறும் குழந்தையாகப் புதைத்துவிட்டு வருகிறேன், வெட்கமாக இருக்கிறது.

போன் அடித்தது, ஸ்டெபிதான். "எல்லாம் முடிஞ்சிட்டாப்பா? அப்பாத்துரைன்னுதான எழுதுனிய?" ஆமாம்மா என்றேன், எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். "நல்லதுப்பா... அது அவன் பேரு. இனி ஒண்ணு பெறந்தா வேற பேரு பாத்துக்கிடுவோம்." போனை வைத்துவிட்டாள். அப்படியானால் யாருக்காக அந்தப் பெயரை மிச்சம்பிடித்தேன், இனி எந்தப் பிள்ளைக்கும் அதை வைக்கமாட்டாள், மண்ணுக்குள் போனவனுக்கும் அது இல்லை... ஆட்டோவைத் திருப்பச் சொன்னால் உபதேசியார் இன்னும் அங்கே இருப்பாரா, எழுதியதை அடித்து எழுதுவாரா, என்னவென்று கேட்பேன்?