ஊசிமலைக்கு உலர்வு அனுப்பியவர்கள்

ஊசிமலையில் மழை நின்றுவிட்டது. ஈரம் நிற்கவில்லை.

மண்சரிவுக்குப் பிறகு வெயில் வந்தது. நல்ல வெயில். மக்கள் துணியைக் காயப்போட்டார்கள். துணி நனைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெயிலும் நனைந்தது.

இது நடந்தது இலங்கை மலைநாட்டில். திருப்பூரில் இருந்த தெய்வானைக்கு இது எதுவும் தெரியாது. அவள் பனியன் விற்றுக்கொண்டிருந்தாள்.

தெய்வானை செகண்ட்ஸ் வியாபாரி. ஏற்றுமதியில் கழித்துவிட்ட பனியன்களை மொத்தமாக எடுத்துவந்து, ஸ்டூலின்மேல் போனை நிற்கவைத்து, லைவில் விற்பாள். கழுத்துப்பட்டி கோணலாக இருந்தால் கோணல் என்று சொல்லியே விற்பாள். அதனால் அவளுடைய இணையப் பக்கத்துக்கு உலகம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். பனியன் வாங்காதவர்கள்கூட, அவள் கோணல் என்று சொல்வதைக் கேட்பதற்காக வந்துவிட்டுப் போவார்கள்.

அன்று காலை ஒரு பெண் லைவுக்குள் வந்தாள்.

"அக்கா, இது காயுமா?"

"நல்லாக் காயும் அம்மிணி. சுத்தமான காட்டன்."

"எங்க ஊர்ல காயுமா?"

"எந்த ஊருங்?"

அந்தப் பெண் திரைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினாள். தெய்வானை பிடித்திருந்த பனியனைத் தொட்டாள். பனியன் தொப்பலாக நனைந்தது. சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்தது.

"பாத்தீங்களா?" என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தெய்வானை எக்ஸெல் சைஸை நாளைக்குக் காட்டுவதாக எல்லோரிடமும் சொன்னாள். பிறகு போனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் யோகமலர். ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் வேலை. மண்சரிவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயங்கள் போய்விட்டன. மிஞ்சியவர்கள் எல்லோரும் இப்போது அந்தக் காப்பகத்தில் இருந்தார்கள். அரிசி ஈரம். தீப்பெட்டி ஈரம். பேசினால் வாயிலிருந்து வரும் சொல்லும் ஈரம்.

"துணி அனுப்பட்டுமா அம்மிணி?"

"துணி லாரி லாரியா வந்துச்சுக்கா. மூட்டையப் பிரிக்கிறதுக்குள்ள நனைஞ்சு போச்சு. துணி இருக்கு. காஞ்சதுதான் இல்ல."

அவள் மடியில் ஒரு பச்சைக்குழந்தை இருந்தது.

"இதோட அம்மாவுக்கு இடுப்புல அடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ரோடும் உடைஞ்சிருச்சு. புள்ளைய நான் வச்சிருக்கேன். தொடைக்கத் தொடைக்க நனையுது. ஒடம்பு சில்லுன்னு இருக்குக்கா."

குழந்தை அழவில்லை. அதுதான் தெய்வானைக்குப் பயமாக இருந்தது.

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் லைவுக்கு வந்தாள்.

"சொந்தங்களே, இன்னைக்கு விக்கறதுக்கு ஒண்ணுமில்லீங். கேக்கறதுக்குத்தான் இருக்குது. உங்ககிட்ட இருக்கற காஞ்சதுல கொஞ்சம் குடுங்க. ஊசிமலைக்கு வேணும்."

கீழே க்யூஆர் கோடு ஒட்டினாள். அதில் உலர்வெல்லாம் வருமா என்று அவளுக்குத் தெரியாது. வந்தது.

முதலில் அருப்புக்கோட்டையில் ஒரு டீச்சர் சித்திரை மாதத்து மொட்டைமாடியை அனுப்பினார். மஸ்கட்டில் ஒரு டிரைவர் தன் வண்டிக் கண்ணாடியில் அடித்த நடுமதியத்தை முழுசாக அனுப்பினார். டொரண்டோவில் ஒரு நர்ஸ் துணி உலர்த்தும் மெஷினிலிருந்து அனுப்பினாள். அதில் சோப்பு வாசனை இருந்தது. ராமநாதபுரம் பக்கத்து ஊர் ஒன்று சேர்ந்து தங்கள் கிணற்றின் வறட்சியை அனுப்பியது.

கொடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் ஈரம் வந்தது. டீச்சரின் புடவைத் தலைப்பு நனைந்தது. டிரைவருக்குத் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கிணற்றில் ஊற்றெடுத்தது. "காய்ச்சலும் பாய்ச்சலும் சரியாகிவிட்டது, நன்றி" என்று ஊர்க்காரர்கள் எழுதினார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஈரமுள்ள ஆட்கள் என்று சொல்வது வழக்கம்தானே.

தெய்வானை வந்த உலர்வையெல்லாம் பனியன் கவர்களில் கட்டி அடுக்கினாள். வீடு மொறுமொறுத்தது. கதவு சுருங்கி, தாழ்ப்பாளுக்கு எட்டவில்லை. குடத்துத் தண்ணீரை அவள் கடித்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது.

அனுப்புவதில்தான் சிக்கல். அதற்குள் ஊசிமலையில் செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. யோகமலர் திரையில் வருவாள், பாதி முகத்தோடு போய்விடுவாள்.

பக்கத்து வீட்டு மாகாளியப்பன் நிட்டிங் மெஷின் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் மொட்டைமாடிக்கு ஏறினார். வலது கையை உயரத் தூக்கினார். லைன் பளிச்சென்று வந்தது. கையை இறக்கினார். போய்விட்டது.

"அண்ணா, கைய எறக்காதீங்க!" என்று தெய்வானை கீழிருந்து கத்தினாள்.

"எறக்கல அம்மிணி."

மறுநாள் அவர் கோபுரமாகியிருந்தார். கால்கள் இரும்புச் சட்டங்களாக இருந்தன. உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் மனைவி ருக்மணி டிபன் கேரியரைக் கொண்டுபோய் கீழ்ச்சட்டத்தில் மாட்டினாள். திரும்பிவந்து பார்க்கும்போது அது காலியாக இருந்தது. ரசம் மட்டும் மிச்சம். அவர் எப்போதும் ரசத்தை மிச்சம்தான் வைப்பார்.

"வலிக்குதுங்களாண்ணா?"

"இல்ல அம்மிணி. எல்லாரும் எனக்குள்ள பேசிட்டே போறாங்க. சொகமா இருக்குது."

தெய்வானை முதல் கவரைப் பிரித்தாள். அப்போது பக்கம் முடங்கியது. திரையில் ஒரே வரி. "ஒரு புகார் உள்ளது. நேரில் வரவும்." பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு முகவரி.

ஒல்லியான கட்டடம். உள்ளே ஒரு வராந்தா. அதன் முடிவில் ஓர் அறை. தெய்வானை நடந்தாள். வராந்தா நீண்டது. வேகமாக நடந்தாள். அதுவும் வேகமாக நீண்டது. அவளுக்கு அந்தக் குழந்தையின் ஞாபகம் வந்தது. கால் ஓயும்வரை நடந்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் நின்றதும் வராந்தாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதுவாகவே சுருங்கி அறையை அவளிடம் கொண்டுவந்தது.

அறையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் சருகு போல ஒரு மனிதர்.

"ஆபீசருங்களா?"

"இல்ல. புகார்."

"யாரோட புகாருங்?"

"நானேதான். பேர் ஏகாம்பரம். உட்காருங்க."

நாற்காலி இல்லை. தெய்வானை நின்றாள்.

"உலர்வு வெளிநாடு போகுது. ஈரம் உள்ள வருது. இது ஏற்றுமதியா, இறக்குமதியா?"

"ஒதவிங்."

"அதுக்குன்னு மனு வாங்கற ஜன்னல் இங்க இல்ல."

தெய்வானை சுற்றிப் பார்த்தாள். உண்மைதான். எந்த ஜன்னலும் இல்லை.

"அந்தக் குழந்தை இருக்குன்னு என்ன நிச்சயம்?" என்றார் ஏகாம்பரம். அவர் பேசும்போது தாள் கசங்குவது போலச் சத்தம் வந்தது. "ஒருத்தன் பூகம்பம்னு வீடியோ போட்டான். அழுதான். நான் பணம் அனுப்பினேன். பூகம்பமும் இல்ல, அவனும் இல்ல. அன்னைலேர்ந்து காஞ்சுபோயிட்டேன். நீங்களும் நல்லாத்தான் பேசறீங்க."

தெய்வானைக்குக் கோபம் வரவில்லை. சந்தேகப்படுகிற வாடிக்கையாளரை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குத் துணியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"நீங்க கேக்கறது நியாயந்தானுங்," என்று யோகமலரை வீடியோவில் அழைத்தாள். "அம்மிணி, ஐயாவுக்குக் கொழந்தையக் காட்டு."

திரையிலிருந்து ஒரு சின்னப் பாதம் மட்டும் வெளியே வந்தது. ஏகாம்பரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். பாதம் ஈரமாக, மீன் போலச் சில்லென்று இருந்தது. அது மெதுவாக அவர் விரலை உதைத்தது.

அவர் சட்டைக் கை நனைந்தது.

"இருக்கு," என்றார்.

"ஆமாங்."

"பக்கம் திறந்தாச்சு. சீக்கிரம் போங்க."

திரும்பும்போது வராந்தா இல்லை. கதவைத் திறந்ததும் பஸ் ஸ்டாண்டு.

தெய்வானை வீட்டுக்கு வந்து கவர்களைப் பிரித்துப் போனுக்குள் கவிழ்த்தாள். மாடியில் மாகாளியப்பன் தேர் போல அதிர்ந்தார். அந்தப் பக்கம் யோகமலர் இரண்டு கையாலும் வாங்கி வாங்கிப் பரப்பினாள். முதலில் குழந்தைகள். முடி காய்ந்து பறந்தது. இருமல் அடங்கியது. பிறகு பெரியவர்கள். ஒரு கிழவர் தன் சட்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் தடவிப் பார்க்கச் சொன்னார். யாரோ தீக்குச்சியைக் கிழித்தார்கள். பற்றியது. எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

கடைசியாகப் பச்சைக்குழந்தை. மேலே கொட்டிய உலர்வு நிற்கவில்லை. உடம்பு சின்னது. வழுக்கிப் போய்விட்டது. இன்னொரு கவர். அதுவும் வழுக்கியது. அதுதான் கடைசிக் கவர்.

"அக்கா, இதுக்கு இந்த மாதிரி பத்தாது. உள்ள வரைக்கும் காஞ்சதா வேணும்."

தெய்வானை தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள். சேலை நனைந்தது. முழங்கை நனைந்தது. போதவில்லை. லைவில் கேட்டாள். டீச்சர் ஏற்கனவே சொட்டச் சொட்ட நின்றிருந்தார். டிரைவரிடம் மிச்சமே இல்லை. "மன்னிக்கணும் சிஸ்டர்" என்று எழுதினார். குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. யோகமலர் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தெய்வானையையே பார்த்தாள்.

அப்போது போனில் ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் ஏகாம்பரம். கீழே "சேர்ந்ததும் சொல்லவும்" என்று இருந்தது.

போன் கொதித்தது. "பலமா வருதுங்!" என்று மாடியிலிருந்து மாகாளியப்பன் கத்தினார். "எல்லாரும் தள்ளிக்குங்க!"

தெய்வானை தள்ளிக்கொள்ளவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பல வருஷத்து வறட்சி அது. தூய்மையானது, கலப்படமில்லாதது. குழந்தையின்மேல் போய் நின்றது. வழுக்கவில்லை. நெற்றி காய்ந்தது. மார்பு காய்ந்தது. விரலிடுக்குகள் காய்ந்தன. உச்சியில் ஒரு முடிக்கற்றை எழுந்து நின்றது.

குழந்தை வீறிட்டு அழுதது.

யோகமலர் சிரித்தாள். "சுடுதுக்கா," என்றாள். "ஒடம்பு சுடுது. நல்ல சூடு. புள்ளைங்களுக்கு இருக்குமே, அந்தச் சூடு."

தெய்வானை ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள். மறுமுனையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"சேந்துருச்சுங்."

"சரி."

"என்ன சத்தமுங் அது?"

"அழுதிட்டிருக்கேன். பரவால்ல. நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்."

"நான்தான் சொல்லணும்," என்று அவர் போனை வைத்தார்.

சில நாளில் ரோட்டைச் சரிசெய்தார்கள். குழந்தையின் அம்மா ஊன்றுகோலோடு வந்துசேர்ந்தாள். ஊசிமலைக்காரர்கள் பெரிய அண்டாவில் தேத்தண்ணி போட்டு, போனுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் ஆவி திரைக்குள் போயிற்று. கொடுத்தவர்கள் அத்தனை பேரின் போனிலிருந்தும் வெளியே வந்தது. டிரைவர் மஸ்கட்டில் வண்டியை ஓரம்கட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் அன்று முழுவதும் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

குழந்தையின் அம்மா போனுக்கு முன்னால் வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். தெய்வானையும் கும்பிட்டாள்.

"தூங்கிருச்சுங்," என்றது மாடியிலிருந்து மாகாளியப்பனின் குரல். மெல்லிய குரல். "எனக்குக் கேக்குது. யாரும் சத்தம் போடாதீங்க."

முதலில் எதிர் வீட்டு நிட்டிங் மெஷின் நின்றது. பிறகு அதற்கடுத்தது. பகலும் இரவும் நிற்காத தெரு அது. ஒவ்வொரு கம்பெனியாக நின்றது. கட்டிங் டேபிள்கள் நின்றன. சாயப்பட்டறைகள் நின்றன. முதலாளிகள் விரலை வாயில் வைத்தபடி வாசலுக்கு வந்தார்கள். லாரிகள் இன்ஜினை அணைத்துவிட்டு ஆட்களால் தள்ளப்பட்டுப் போயின.

திருப்பூர் முழுக்க ஒரு குழந்தை மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

வீட்டில் பால் தீர்ந்திருந்தது. தெய்வானை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் கடைக்கு நடந்தாள்.