அடுப்பு வருமுன் ஒரு கையெழுத்து

ரொட்டிக்கடைக்காரிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மாவு மூட்டையை இரண்டு தடவை எடை போட்டுத்தான் உள்ளே விடுவாள். கட்டிய புருஷன் கடைச் சாவியைக் கேட்டாலும் எதற்கென்று விசாரிப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய் வட்டியே கிடையாது என்று ஒரு பேங்க் சொன்னால் சும்மா விடுவாளா?

ஆனால் வேறு வழியும் இல்லை. பழைய மின்னடுப்பு செத்து ஒரு வாரமாகிறது. இருபது நாளில் புது அடுப்பு வராவிட்டால் ஆஸ்பத்திரி ஆர்டர் கைவிட்டுப் போகும். அது போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"வட்டி வாங்காம உங்களுக்கெல்லாம் சம்பளம் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள்.

எதிரே இருந்த அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி. "உங்களுக்கு நாங்க பணம் தர்றதில்லக்கா. அடுப்பை நாங்களே வாங்குவோம். வாங்கின விலை இவ்வளவு, எங்க லாபம் இவ்வளவுன்னு சொல்லிட்டு உங்களுக்கு விற்போம். நீங்க தவணையில கட்டுங்க. இஸ்லாமிய முறையில இதுக்கு முராபஹான்னு பேரு. ஒருதடவை சொன்ன விலை அப்புறம் ஏறாது."

"வட்டிதானே இதுவும்? சட்டையை மாத்திப் போட்டிருக்கு."

"வட்டிக்காரன் அடுப்பு உடைஞ்சா கவலைப்படுவானா? எங்க பொருளா இருக்கும்போது உடைஞ்சா நஷ்டம் எங்களுக்குத்தான்."

இவ்வளவு பதமாகப் பேசுகிறவன் நம் தலையில் மிளகாய் அரைக்காமல் விடமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. வாங்கிக்கொள்கிறேன் என்று அவளிடம் உறுதிமொழி எழுதி வாங்கியவன், விற்பனைப் பத்திரத்தை மட்டும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். அதோடு சந்தேகம் முற்றிவிட்டது.

"அதுல எப்ப கையெழுத்து?"

"அடுப்பு எங்க கைக்கு வந்த பிறகு. கையில இல்லாததை விற்கக் கூடாது. அதுதான் இதுக்கு அஸ்திவாரமே."

"அதுக்குள்ள எவனாவது கூட விலை கேட்டா அவனுக்குத் தள்ளிவிடுவீங்க."

"வாக்கு கொடுத்திருக்கோம்கா."

"வாக்கைப் போட்டு ரொட்டி சுட முடியாது தம்பி."

அன்று சாயங்காலம் வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியைச் சொன்னாள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களைச் சொன்னாள், கடைசியில் அழவும் செய்தாள். அழுகையில் பாதி நிஜம். அவன் மென்று விழுங்கிக்கொண்டே இழுப்பறையைத் திறந்தான். தேதி போடாமல் இருவரும் கையெழுத்திட்டார்கள். அவளுக்கு அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

இரண்டு நாள் கழித்து, பேங்க் விலை கொடுத்து எடுத்த அடுப்பு பேங்க் அமர்த்திய லாரியில் வந்தது. கடை வாசலில் இறக்கும்போது பெல்ட் அறுந்தது. அடுப்பு முகம் குப்புற விழுந்து, கதவு மடங்கி, உள்ளே இருந்த கல் தளம் மூன்றாகப் பிளந்தது.

முன்கூட்டியே போட்ட கையெழுத்து இப்போது கழுத்தை இறுக்கியது. நேற்றைய தேதியைப் போட்டால் போதும், உடைசலை அவள் தலையில் கட்டிவிடலாம். மூன்று வருஷம் தவணை. அடித்துப் பிடித்துக்கொண்டு பேங்குக்கு ஓடினாள்.

மேனேஜர் மேஜையில் பத்திரம் கிடந்தது. தேதி போடும் இடம் இன்னும் காலி. பக்கத்தில் கண்ணாடிக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

"இதை எப்ப வாங்கினீங்க?" என்று மேனேஜர் அவனிடம் கேட்டார்.

"முந்தாநாள் சார். அடுப்பு நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடி. இந்த விற்பனை செல்லாது. நஷ்டம் நம்மளோடதுதான்."

இதில் என்ன சூது என்று அவள் அவன் முகத்தையே துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "இவர்தான் முன்னாடியே கையெழுத்துக் கேட்டாராம்மா?"

நான்தான் கேட்டேன் என்றால் பழி தன்மேல் திரும்பிவிடுமோ? அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றாள்.

மேனேஜர் பத்திரத்தைக் கிழித்துப் போட்டார்.

பேங்க் சொன்னபடி நடந்துகொண்டது. பத்தே நாளில் வேறு அடுப்பு வந்தது, அதே விலைக்கு. இந்த முறை ஓர் அதிகாரி அம்மாள் கூடவே வந்து, அடுப்பைத் தரையில் வைத்துச் சூடேற்றிப் பார்த்த பிறகுதான் பத்திரத்தை நீட்டினாள்.

"கண்ணாடி போட்ட தம்பி வரலையா?"

"அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. பொருள் வராம கையெழுத்து வாங்கினா இங்க மன்னிப்பே கிடையாது." அந்த அம்மாள் படிவத்தைப் பார்த்து அடுத்த கேள்வியை வாசித்தாள். "உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே?"

ரொட்டிக்கடைக்காரி பேனாவைக் கீழே வைத்தாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குத் தன்னை நினைக்கவே கூசியது.

"என்னை யாரும் கட்டாயப்படுத்தல. நான்தான் அந்தத் தம்பியைக் கட்டாயப்படுத்தினேன். அழுது, அடம்பிடிச்சு. இதை எங்க எழுதணும்?"

அதிகாரி அம்மாள் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "அதுக்கு இதுல இடமில்லைங்க."

"அப்ப ஒரு வெள்ளைத்தாள் குடுங்க," என்றாள். "அதை எழுதிட்டுத்தான் இதுல கையெழுத்து."